ஸ்டார் வோர்ஸ் ஹொட்டலை ரசிகர்களே ஏன் நம்பவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "டிஸ்னி புளோரிடாவில் கட்டிய ஸ்டார் வோர்ஸ் ஹொட்டல் ஒன்றரை வருடத்தில் மூடப்பட்டதே, திறக்க முன்பே ரசிகர்கள் குறை சொன்னதுதான் காரணமா? உண்மையான ரசிகர்கள் என்றால் ஆதரித்திருக்க வேண்டாமா?"

குறை சொன்ன ரசிகர்களில் நானும் ஒருவன். திருகோணமலையில், உப்புவெளிக் கடற்கரைப் பக்கம், மாமாவின் கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்பது அறைகள். அறைக்குக் காசு கொடுக்க யோசிக்கும் ரசிகனாகவும், அறைக்கு விலை வைக்கிறவனாகவும் இந்தக் கதையை நான் பார்த்தேன். என் அபிப்பிராயம், அந்த ஹொட்டலை விலைதான் மூடியது. நாங்கள் சொன்ன குறைகளில் சில மிகச் சரி. சில சுத்தப் பிழை. அந்தப் பிழைகளை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டார் வோர்ஸ் ஒரு விண்வெளிப் படத்தொடர். அதை வைத்துக் கட்டிய இந்த ஹொட்டலின் பெயர் கலக்டிக் ஸ்டார்குரூசர். 2017 இல் அறிவித்தார்கள், 2022 மார்ச் 1 திறந்தார்கள், 2023 செப்டெம்பர் இறுதியில் கடைசிப் பயணம். ஹொட்டல் என்று நாங்கள் சொன்னாலும் நடைமுறை கப்பல் பயணம் மாதிரி. எல்லாரும் ஒரே நாளில் ஏற வேண்டும், இரண்டு இரவு தங்க வேண்டும், ஒன்றாக இறங்க வேண்டும். நீங்கள் இருப்பது 'ஹல்சியன்' என்ற விண்கப்பலில். அறைகள் 100. அறை ஜன்னலில் தெரிவது திரையில் ஓடும் விண்வெளி. கப்டன், பாடகி, உளவு பார்க்கும் அதிகாரி என்று நடிகர்கள் கப்பல் முழுக்க நடமாடுவார்கள். போனில் அவர்களிடமிருந்து செய்தி வரும். நீங்கள் எந்தப் பக்கம் சேருகிறீர்களோ அதன்படி உங்கள் இரண்டு நாள் போகும். ஒளிவாள் பயிற்சி உண்டு, கப்பலை ஓட்டும் பயிற்சி உண்டு, நடுவில் ஒரு நாள் பக்கத்துத் தீம் பார்க்கில் இருக்கும் ஸ்டார் வோர்ஸ் ஊருக்கும் கூட்டிப்போவார்கள். சாப்பாடு, பார்க் நுழைவு எல்லாம் சேர்த்து, அறிவித்த ஆரம்ப விலை இரண்டு பேருக்கு 4,809 டொலர். மூன்று பெரியவர்களும் ஒரு பிள்ளையும் என்றால் 5,999 டொலர்.

இந்த 4,809 என்ற எண்ணை நான் மறக்க மாட்டேன். திறந்த அன்று ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். பத்து இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்குப் பார்த்தேன். அந்த மாதமே எங்கள் ரூபாய் சரியத் தொடங்கியது. மார்ச் முடியும்போது ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. மே மாதம் அதே அறை 17 இலட்சம். பெட்ரோல் வரிசையில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றபடி போனில் அந்த ஹொட்டலின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் போக முடியாது என்பது முதல் நாளே தெரியும், அதற்காக நான் கோபப்படவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் சாதாரண ரசிகனாலும் போக முடியாது என்று விளங்கியபோதுதான் மனது கசந்தது.

எனக்கு அந்தப் படங்கள் பழக்கமானது 2002 சமாதான காலத்தில். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த விசிடி, ஒரு கூட்டாளியின் வீட்டு விறாந்தை, பன்னிரண்டு பதின்மூன்று பொடியன்கள். மணலும் வெயிலும் மட்டும் உள்ள ஊரில், கையில் ஒன்றும் இல்லாத ஒரு பொடியன், பழுதான ஒரு கப்பலில் இடம் பிடித்துப் போகிறான். சோதனைச் சாவடி தாண்டாமல் டவுனுக்குப் போய் அறியாத எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கதையில் யார் வேண்டுமானாலும் கப்பலில் ஏறலாம். அந்தக் கதையை விற்கும் இடத்தில் ஏறுவதற்கு இந்த விலை என்றபோது, உள்ளே எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது எங்கள் கதைதானா என்ற கேள்வி வந்தது. உலகம் முழுக்க ரசிகர்கள் கேட்டதும் இதையேதான், வேறு வேறு சொற்களில்.

இன்னொரு காரணம், ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தது. 2019 இல் டிஸ்னி அந்த ஸ்டார் வோர்ஸ் ஊரைத் திறந்தது, கலக்சிஸ் எட்ஜ் என்று. திறக்க முன்பு சொன்னது, நீங்கள் அங்கே கப்பலை மோசமாக ஓட்டிச் சேதப்படுத்தினால் அந்தச் செய்தி ஊரில் பரவும், பிறகு மதுக்கடைக்குள் நுழைந்தால் அங்கே உங்களைத் தெரிந்திருக்கும் என்று. அதைக் கேட்டுக் கனவு கண்டவர்கள் எத்தனை பேர்! திறந்தபோது அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பார்க்க அழகான ஊர், படத்தில் வரும் நீலப் பால் வாங்கலாம், ஒளிவாள் வாங்கலாம், அவ்வளவுதான். முன்பு சொன்ன அதே அனுபவத்தை இப்போது ஆயிரக்கணக்கான டொலருக்கு ஹொட்டலில் தருகிறோம் என்றால் ரசிகர் மனதில் சந்தேகம் வராமல் இருக்குமா?

அப்புறம் அந்த வீடியோ. 2021 இறுதியில் ஹொட்டலின் உள்ளே சுற்றிக்காட்டும் ஒரு முன்னோட்டத்தை வெளியிட்டார்கள். வெளிச்சம் தட்டையாக, சுவர்கள் வெறுமையாக, பாட்டு ஒட்டாமல் இருந்தது. திட்டு வந்து குவிந்தது, வீடியோவை எடுத்துவிட்டார்கள். சந்தேகப்பட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை. நானும் அன்று எங்கள் குழுவில் "இது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குதடா" என்று எழுதினேன். வெளிப்புறக் கட்டடத்தின் படங்களும் வந்தன, கொங்கிரீட் பெட்டி மாதிரி. பழைய கதாபாத்திரங்களை விட்டுப் புதிய படங்களின் காலத்தில் கதையை வைத்ததும் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

இனி தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். எங்களுக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் வருகிறவர்களில் பெரும்பகுதி யாரோ சொல்லி வருகிறவர்கள். போன வருடம் தங்கிய குடும்பம் வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் "காலையில் இடியப்பமும் சொதியும் தருவார்கள், படகுக்காரர் நல்ல மனிதர், பிள்ளைகளைப் புறாத்தீவுக்குப் பத்திரமாகக் கூட்டிப்போவார்" என்று சொல்லும். அந்தச் சொல்தான் எங்களுக்கு விளம்பரம். முன்னோட்ட வீடியோ ஒன்று மோசமாக இருந்தாலும், தெரிந்தவர் ஒருவர் "நான் போனேன், நன்றாக இருந்தது" என்று சொன்னால் ஆள் நம்புவார்.

அந்த ஹொட்டலுக்கு இது வாய்க்கவில்லை. 100 அறைகள், இரண்டு இரவுக்கு ஒரு தொகுதி ஆட்கள், இந்த விலை. ஆயிரம் ரசிகர்கள் உள்ள ஒரு குழுவில் போய்வந்தவர் ஒருவரோ இருவரோ. தொடக்கத்தில் வந்த புகழ்ச்சியில் நிறைய, அழைக்கப்பட்டுப் போன ஊடகக்காரர்களும் யூடியூப்காரர்களும் சொன்னது. காசு கொடுக்காமல் போனவர் நல்லது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆக, குறை சொல்ல ஊர் முழுக்க ஆள், இல்லை என்று மறுக்க ஆளே இல்லை. விலை ஆட்களை மட்டும் தடுக்கவில்லை, நல்ல செய்தி வெளியே வருவதையும் தடுத்தது. 2023 மே மாதம் மூடப்போவதாக அறிவித்தார்கள். ஹொட்டலின் மதிப்பில் சுமார் 25 கோடி டொலர் தேய்மானத்தை முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டி வந்தது.

அந்த அறிவிப்பு வந்தபிறகுதான் எங்கள் வீட்டில் ஒருவர் அங்கே போனார். பெரியம்மாவின் மகன், டொரண்டோவில் இருக்கும் அண்ணா. விறாந்தையில் விசிடி பார்த்த கூட்டத்தில் மூத்தவர் அவர்தான். ஒரு இரவு போன் எடுத்து, "தம்பி, மூடப்போகிறார்களாம். வீடு திருத்த வைத்த காசு இருக்கு. போகவா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். "அண்ணா, அந்தக் காசுக்கு நாலு பேரும் திருகோணமலைக்கு வந்து ஒரு மாதம் நிற்கலாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கே வருவேன் தம்பி, ஊர் எங்கேயும் போகாது. இது போய்விடும்" என்றார்.

ஆகஸ்ட்டில் குடும்பமாகப் போனார்கள். வந்ததும் அவர் அனுப்பிய குரல்பதிவுகள் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். அவற்றைக் கேட்டபிறகுதான் நாங்கள் எங்கே பிழை விட்டோம் என்று எனக்கு விளங்கியது.

அறை சின்னது என்றார். தட்டுப் படுக்கையில் பிள்ளைகள், பெரிய கட்டிலில் அவரும் அண்ணியும். அண்ணிக்கு இரண்டாம் நாள் வெளியே வெயில் பார்க்க வேண்டும்போல் ஆகிவிட்டதாம். செயலி இரண்டு தடவை நின்றுபோனது. நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சாப்பிட நேரம் போதவில்லை. இதெல்லாம் நாங்கள் எதிர்பார்த்த குறைகள்தான். ஆனால் மகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பத்து வயது, அந்நியரோடு வாய் திறக்காத பிள்ளை. முதல் நாள் மாலை ஒரு நடிகர் குனிந்து அவளிடம் இரகசியமாக ஒரு பொருளை ஒளித்துவைக்க உதவி கேட்டிருக்கிறார். அவள் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள். அடுத்த நாள், நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு நடுவில், கப்டனாக நடித்த பெண் அவளைக் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நேற்று நீ செய்ததை அறிவேன் என்றாராம். அதன்பிறகு பிள்ளை தகப்பனின் கையை விட்டுவிட்டுத் தானாகக் கப்பல் முழுக்க ஓடித் திரிந்திருக்கிறாள். எங்கள் பெயரை இவ்வளவு சரியாக எந்த அமெரிக்கரும் உச்சரித்ததில்லை என்றார் அண்ணா.

2019 இல் கிடைக்காமல் போன வாக்குறுதி இதுதானே. செய்ததை நினைவில் வைத்து ஊர் உங்களைத் தெரிந்துகொள்வது. அது ஹொட்டலில் நடந்திருக்கிறது. நடத்தியது இயந்திரமோ திரையோ அல்ல, சம்பளம் வாங்கும் நடிகர்கள், காலை முதல் நள்ளிரவு வரை. நான் ஒன்பது அறைகளில் இருக்கும் ஆட்களின் பெயரை நினைவில் வைக்கப் படும்பாடு எனக்குத்தான் தெரியும். அவர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை நூறு அறை ஆட்களையும் புதிதாகக் கற்றிருக்கிறார்கள். நாங்கள் சுவரையும் ஜன்னலையும் பாட்டையும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னோம். அந்த ஆட்களின் உழைப்பை எந்த முன்னோட்டமும் காட்டவில்லை, நாங்களும் அதைப்பற்றி யோசிக்கவில்லை. "ஆஸ்பத்திரி வார்டு" என்று எழுதியதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, அப்படியென்றால் விலை நியாயமா? இல்லை. அவ்வளவு நடிகர்களை வைத்து நடத்தச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் மக்கள் விரும்பியது நடிகர்களை, விற்றது அறையை. இரவில் திரையைப் பார்த்துக்கொண்டு சின்ன அறையில் தூங்குவதற்கு ஏன் இவ்வளவு காசு வாங்க வேண்டும்? தங்காமல் ஒரு நாள் மட்டும், காலையில் ஏறி இரவில் இறங்குகிற மாதிரி டிக்கெட் வையுங்கள் என்று ரசிகர்கள் தொடக்கத்திலிருந்தே கேட்டார்கள். அந்த யோசனைதான் எனக்கும் சரியாகப் படுகிறது. போய்வருகிறவர் தொகை பல மடங்காகியிருக்கும், வாய்ச்சொல் பரவியிருக்கும், சந்தேகம் தானாகக் கரைந்திருக்கும்.

உண்மையான ரசிகர் ஆதரித்திருக்க வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊரில் முதியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் இங்கே வந்து, கூட்டாளி மைக் வில்சனோடு கோணேசர் மலைக்குக் கீழே கடலில் சுழியோடினார். 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களும் கற்களும் கடலடியில் கிடப்பதைப் பார்த்தார்கள். விண்வெளியைப் பற்றி எழுதிய மனிதர் எங்கள் கடலுக்குள் இறங்கினார் என்பது சின்ன வயதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை. அந்தப் பெருமையோடு அறிவியல் புனைகதைக்குள் வந்தவன் நான். சந்தேகப்பட்டதும் அந்த அன்பினால்தான். பிடிக்காத ஒன்றின் விலையைப் பற்றி யாரும் இரண்டு வருடம் விவாதிக்க மாட்டார்கள்.

2024 ஆடியில் அண்ணா சொன்னபடி குடும்பத்தோடு ஊருக்கு வந்தார். கோணேசர் கோயில் படிக்கட்டில் மான்களுக்குப் பழத்தோல் கொடுத்துக்கொண்டே மகள் எனக்கு அந்தக் கப்பலின் தளங்களை ஒவ்வொன்றாக விவரித்தாள், எந்தக் கதவுக்குப் பின்னால் எதை ஒளித்தோம் என்பது வரை. "சித்தப்பா, திரும்ப ஒன்று கட்டினால் நீங்களும் வருவீர்களா?" என்று கேட்டாள். ஒரு நாள் டிக்கெட் வைத்தால் அன்றைக்கே சீட்டுக்கட்டத் தொடங்குவேன் என்று அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.