பன்னைத் தட்டிவிட்ட சிறுமி – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் புதிய சிறுகதையைப் படித்தேன். தாயை இழந்த அக்காவும் தம்பியும் சித்தப்பா வீட்டிலிருந்து ஓடி எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்கிறார்கள். முந்தின நாளிலிருந்து பட்டினி கிடக்கும் அந்தப் பெண், ஒரு பெரியவர் இரங்கி நீட்டும் பன்னைத் தட்டிவிடுகிறாள். பசித்த பிள்ளை அப்படிச் செய்யுமா? அம்மாவை நினைத்து ஒருமுறைகூட அவள் அழாததும் உறுத்துகிறது. அத்தனை கூட்டத்தில், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒருவர்கூடவா போன் செய்யவில்லை?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பிக்கு ஆறு வயது. பயப்படலாமா வேண்டாமா என்பதையே அக்கா முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறான். அவன் தூங்கிய பிறகும் அவன் சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அவள் விழித்திருக்கிறாள். எப்போது அழுவாள்?

பன்னோடு சேர்த்து அந்தப் பெரியவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். "எந்த ஊர்? அப்பா எங்கே? போலீசைக் கூப்பிடவா?" தங்கமான மனிதர்தான். ஆனால் கெட்டவன் வந்தால் கத்தலாம், கடிக்கலாம். நல்லவரை என்ன செய்வது? தம்பியைத் தன்னிடமிருந்து அவர் பிரித்துவிடுவார் என்பதே அவள் பயம். அது வெறும் பிரமையும் அல்ல. நம் காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

அதே பெண், நடைமேடை கூட்டும் அம்மாளின் சோற்றை மறுக்காமல் சாப்பிடுவதை நீங்கள் குறிப்பிடவே இல்லையே! அந்த அம்மாள் எதுவும் விசாரிக்கவில்லை. தூக்குவாளியை அவளிடம் கொடுத்து, "பார்த்துக்கொள், கூட்டிவிட்டு வருகிறேன்" என்று போய்விடுகிறாள். காவல் காத்தவளுக்குச் சோற்றில் பங்கு கேட்க உரிமை உண்டு. அம்மா போன நாளிலிருந்து அவளை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை.

1098 பற்றி நீங்கள் கேட்டது நியாயம். 1996-இல் மும்பையில் தொடங்கிய எண் அது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, துணையின்றித் திரியும் குழந்தையைக் கண்டு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர் யாராக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டியது கடமை. கதையில் யாரும் கூப்பிடாததற்குக் காரணம், நிஜத்திலும் பெரும்பாலோர் பன் வாங்கிக் கொடுப்பதோடு ரயிலேறிவிடுகிறோம் என்பதுதான்.

நீங்கள் கூப்பிட நேர்ந்தால், உடன்பிறந்தவர்கள் இருவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பிள்ளைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன் இருவரையும் சேர்த்தே நிறுத்தச் சொல்லுங்கள். அதை அந்தப் பெண்ணின் காதில் விழும்படியே பேசுங்கள்.

அன்புடன்.