இன்ஜெக்டர் மாற்றிய பின் வெர்னா டீசல் ஐடிலில் குலுங்குகிறதா? இசியுவை மாற்ற வேண்டாம்

நண்பரே, வெர்னா 1.6 சிஆர்டிஐ டீசல் காரில் மூன்றாவது இன்ஜெக்டரை (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) மட்டும் மாற்றினீர்கள். இப்போது ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, குலுங்குகிறது, புகை வருகிறது, மெக்கானிக் இசியுவையே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அதற்குள் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். புது இன்ஜெக்டரின் குறியீட்டை (கோடு, code) இசியுவில் ஏற்றினார்களா என்று முதலில் கேளுங்கள்.

இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்து 7 இலக்கத்தில் ஒரு கோடு பொறித்திருக்கும். ஒரே பார்ட் நம்பர் உள்ள இரண்டு இன்ஜெக்டர்கள்கூட ஒரே அளவு டீசல் தெளிப்பதில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் அந்தக் கோடு இசியுவுக்குச் சொல்கிறது. ஏற்றாவிட்டால் பழைய இன்ஜெக்டரின் கணக்கிலேயே இசியு புதியதைத் திறந்து மூடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. இசியுவோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியில் இன்ஜெக்டர் கோடிங் மெனுவுக்குப் போய் 3-ஆம் சிலிண்டருக்கு நேரே அடிக்க வேண்டும். டைமிங் செயின் பக்கம் இருப்பதுதான் 1-ஆம் சிலிண்டர். இதை எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணித் தவறான இடத்தில் ஏற்றுகிறவர்களும் உண்டு! ஏற்றும்போது பேட்டரி இறங்காமல் சார்ஜர் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், போட்டது ரீகண்டிஷன் செய்ததா (பழையதைச் சரிசெய்து விற்பது)? அதில் நாசில் (டீசல் தெளிக்கும் முனை) மாற்றியிருந்தால் மேலே பொறித்த பழைய கோடு செல்லாது. இன்ஜெக்டரைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி எடுத்த புதுக் கோடு வேண்டும். அது தர முடியாத கடையில் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கோடு சரியாக ஏறியும் குலுங்கினால், இன்ஜெக்டர் அடியில் உள்ள செம்பு வாஷரைப் பாருங்கள். பழையதையே போட்டிருந்தால் கம்ப்ரஷன் கசிந்து சுற்றிலும் தார் மாதிரி கரி படிந்திருக்கும்.