பழைய வில்லன், புது எபிசோட்

கேள்வி: ‘கிரிமினல் மைண்ட்ஸ்’ என்ற அமெரிக்கக் குற்றப் புலனாய்வுத் தொடரின் 100-வது எபிசோடில் தொடர் கொலைகாரன் ஜார்ஜ் ஃபாயெட் திரும்பி வந்தது இன்னும் உலுக்குகிறது. வேறு தொடர்களில் பழைய வில்லன் வந்தால் சலிப்புதான் வருகிறது. ஏன்?

பதில்: அவன் திரும்பி வர வழியை முன்பே திறந்து வைத்திருந்தார்கள். 2009 மார்ச்சில் வந்த ‘ஆம்னிவோர்’ எபிசோடில், கொலைகாரனிடம் தப்பிப் பிழைத்தவனாகக் கருதப்பட்டவனே கொலைகாரன் என்று தெரிகிறது. பிடிபட்டவன் அந்த எபிசோட் முடிவதற்குள்ளேயே தப்பிவிடுகிறான். ஐந்தாவது சீசன் தொடக்கத்தில் தன்னைத் துரத்தும் எஃப்.பி.ஐ. அதிகாரி ஹாட்ச்னரைக் கத்தியால் குத்துகிறான், ஆனால் உயிரோடு விடுகிறான். அவருடைய மகனும் முன்னாள் மனைவி ஹேலியும் தலைமறைவாகிறார்கள். நவம்பரில், அந்த 100-வது எபிசோடில், அவன் மறுபடி வரும்போது பறிக்க என்ன இருக்கிறது என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஹேலியின் மரணம் அதனால்தான் அவ்வளவு வலிக்கிறது.

சொதப்பும் தொடர்களில், செத்தவன் திடீரென்று உயிரோடு நிற்பான். எப்படிப் பிழைத்தான் என்பதற்கு இரண்டு வரி வசனம்தான். முதல் மோதலில் நாயகன் எதையும் இழந்திருக்க மாட்டான். இன்னொரு தவறு, முந்தைய குற்றத்தையே பெரிதாக்கித் திரும்பச் செய்ய வைப்பது.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பழைய கதையை எப்படிச் சொல்வது?

பதில்: நீண்ட பிளாஷ்பேக் வேண்டாம். அவன் பெயரைக் கேட்டதும் நாயகன் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் செய்யட்டும். அதுவே போதும்.