கண் திறக்காத ஆமை

கேள்வி: மூன்று வருடமாகச் சிவப்புக்காது ஆமை ஒன்று வளர்க்கிறேன். பத்து நாளாக அதன் இரண்டு கண்ணும் வீங்கி மூடியே கிடக்கின்றன, சாப்பிடவும் இல்லை. காய்ந்த இறாலைத் தவிர வேறு எதையும் அது தொடாது. தொட்டி ஜன்னலோரம் இருப்பதால் வெயில் நன்றாகவே விழுகிறது. வீட்டில் இருக்கும் கண் சொட்டு மருந்தை விடலாமா? இன்னொன்று, எங்கள் தரை ஆமையின் ஓடு மேடு மேடாக வளர்கிறது, அதுவும் நோயா?

பதில்: சொட்டு மருந்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மனிதர்களுக்கான சில சொட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கும், தொற்று இருந்தால் அது இன்னும் கிளப்பிவிடும். அதைவிட முக்கியம், இது பெரும்பாலும் கண்ணில் தொடங்கிய வியாதியே இல்லை. நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது அந்த இறால்தான்.

காய்ந்த இறாலில் வைட்டமின் ஏ இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த வைட்டமின் குறைந்தால் கண்ணீர்ச் சுரப்பிகளின் உள்தோல் தடித்து, உதிர்ந்த செல்கள் குழாயை அடைத்துக்கொள்ள, இமை உப்பிவிடும். அப்படி மூடிய இமையை மெல்லத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பாலாடைக்கட்டி மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும். பார்வை இல்லாத ஆமைக்கு இரை தெரியாது, சாப்பிடாததால் குறைபாடு இன்னும் கூடும். மூக்கு, நுரையீரல், காது எல்லாவற்றிலும் இதே மாதிரி உள்தோல்தான் என்பதால் அடுத்து சளித்தொற்று வரும், இல்லையென்றால் கண்ணுக்குப் பின்னால் கோலிக்குண்டு போலக் காதுக்கட்டி வரும். ஆமைக்குச் சீழ் நீராக வடியாது, கெட்டியாக உறைந்துவிடும், அதனால் அதை அமுக்கி எடுக்க முயலவே கூடாது, கீறித்தான் எடுக்கவேண்டும்.

சரி, இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஆமையைத் தண்ணீரில் விட்டு ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறதா, மூக்கில் குமிழி வருகிறதா, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? ஒரு நுரையீரலில் நிமோனியா பிடித்தால் எடை மாறிச் சாய்ந்துதான் மிதக்கும். ஆமையால் நம்மைப்போல இருமிச் சளியை வெளியே தள்ளவும் முடியாது. இதில் ஒன்று தெரிந்தாலும் இன்றைக்கே மருத்துவரிடம் கிளம்புங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் பத்து நாள் பட்டினி என்பதால் ஓரிரு நாளில் காட்டியாக வேண்டும். வைட்டமின் ஏ-யை வீட்டில் உத்தேசமாகக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் தோல் பட்டை பட்டையாக உரிந்துவிடும். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தை யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள், ஆமைக்கு அது உயிர்க்கொல்லி.

ஜன்னல் வெயில் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆமை வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான யூவிபி கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வராது, உள்ளே வருவது வெளிச்சமும் சூடும்தான், அந்தச் சூட்டில் தொட்டித் தண்ணீர் கொதிப்பதுதான் மிச்சம். யூவிபி விளக்கு போட்டே ஆகவேண்டும், அதையும் வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்தில் மாற்றவேண்டும், ஏனென்றால் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் தீர்ந்துபோயிருக்கும். தண்ணீர் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியும், ஏறிக் காயும் மேடை 32 டிகிரி அளவிலும் இருக்கட்டும் (உடம்பு சரியில்லாதபோது தண்ணீர் இன்னும் ஓரிரண்டு டிகிரி கூடலாம்). கையை விட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்காமல் தெர்மாமீட்டர் வையுங்கள். குளிர்ந்த உடம்பில் செரிமானமும் நடக்காது, எதிர்ப்புச் சக்தியும் எழாது, மருந்தும் சரியாக வேலை செய்யாது.

கண் திறந்த பிறகு உணவை மாற்றுங்கள். ஆமைக்கான குருணைத் தீவனம், கரும்பச்சை இலைகள், கேரட் துருவல் என்று கொடுக்கலாம். மூன்று வருடப் பழக்கம் ஒரு நாளில் போகாது, இறால் ஊறிய தண்ணீரில் குருணையை நனைத்துப் போட்டால் அந்த வாசனைக்கே வரும்.

தரை ஆமைக்கு வருகிறேன். சில இனங்களுக்கு ஓட்டில் மேடு இயற்கை. மற்றபடி குட்டிப் பருவத்தில் ஈரப்பதம் போதாமல் வளர்ந்தால் இப்படி ஆகும், கால்சியம் குறைந்த தீனியும் சேர்ந்துகொள்ளும். வந்த மேடு இனி அமுங்காது, புதிதாக வளரும் பாகம் சமமாக வரவைக்கலாம். அதைவிட ஓடு மெத்தென்று இருக்கிறதா என்பதுதான் என் கவலை. கட்டைவிரலால் ஓரத்தை லேசாக அழுத்திப் பாருங்கள், வளர்ந்த ஆமையில் அது அமுங்கினால் எலும்பே கரைகிறது என்று அர்த்தம், எக்ஸ்ரே எடுக்கவேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தாடை மூழ்காத வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்காரவைத்தால் நீர்ச்சத்து குறையாது.

அப்புறம், இரண்டையும் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆமை ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், சின்னக் குழந்தைகளுக்கு அது ஆபத்து.

மருத்துவரிடம் போகும்போது தண்ணீர் வாளியில் கொண்டுபோகாதீர்கள், சோர்ந்த ஆமை அதிலேயே மூழ்கிவிடும். காற்றோட்டமுள்ள பெட்டியில் ஈரத்துணி விரித்து எடுத்துப்போங்கள். தொட்டியின் படமும் இறால் டப்பாவும் கையோடு இருக்கட்டும்.