499 பிளானுக்கு 589 ரூபாய், மாலையில் மந்தம்: என்ன செய்யலாம்?

499 ரூபாய் ஃபைபர் இன்டர்நெட் பிளானுக்கு 589 ரூபாய் பில் வருகிறது, மாலையில் வேகமும் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 589 ரூபாயில் ஏமாற்று இல்லை. 499-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் அந்தத் தொகைதான் வரும். விளம்பரத்தில் வரியைச் சின்ன எழுத்தில் போடுவது எனக்கும் எரிச்சல்தான்.

மாலை 7 மணிக்கு மேல் மந்தமாவதுதான் உண்மையான பிரச்சினை. வைஃபையில் சோதிக்காதீர்கள், லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் போட்டு இணைத்து, காலையும் இரவும் வேகத்தை அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேபிளில் காலை 95 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அலகு), இரவு 15 என்றால் உங்கள் வீட்டில் கோளாறு இல்லை. ஒரே ஃபைபர் இழையை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடுவது வழக்கம், மாலையில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தினால் வேகம் குறையலாம். அந்த இழையைத் தாண்டி நிறுவனத்தின் பக்கம் போகும் இணைப்பிலும் நெரிசல் இருக்கலாம். கேபிளில் இரவிலும் நன்றாக வந்தால் வைஃபைதான் காரணம், ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்புறம், லைன்மேனிடம் போனில் சொல்வது புகார் ஆகாது. கஸ்டமர் கேரில் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட்களை அதோடு இணைத்து அனுப்புங்கள். இது தீரும்வரை ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள்.