குற்றத்தைக் காட்டாத குற்றப்படம்

கேள்வி: 'தி பாய்ஸ்' என்ற ஆஸ்திரேலியப் படத்தைக் குற்றப்படம் என்று சொன்னதால் பார்த்தேன். கடைசிவரை உட்கார்ந்திருந்தும் குற்றம் கண்ணில் படவில்லையே, ஏன்?

பதில்: முதல் தடவை பார்த்தபோது நானும் "அவ்வளவுதானா?" என்று உட்கார்ந்திருந்தவன்தான். ரோவன் உட்ஸ் 1998-இல் எடுத்த முதல் முழுநீளப் படம் இது. சிட்னி புறநகரில் ஓர் எளிய வீடு. ஜெயிலிலிருந்து அன்றுதான் வெளியே வந்த பிரெட், இரண்டு தம்பிகள், அம்மா, தம்பிகளோடு வாழும் பெண்கள், பிரெட்டின் காதலி மிஷெல், எல்லோரும் அந்த வீட்டுக்குள் ஒரு பகலும் ஒரு மாலையும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். பிரெட் கேட்கும் சாதாரணக் கேள்வியில்கூட ஒரு மிரட்டல் ஒளிந்திருக்கும், சிரித்தால் இன்னும் பயமாக இருக்கும். மூவரில் நடுவனான கிளென் பாவம், துணைவி பக்கம் நிற்பதா அண்ணன் பக்கம் நிற்பதா என்று திண்டாடுகிறான், அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதுதான் எனக்குப் படத்தின் உண்மையான பதற்றம். ராத்திரி மூவரும் காரில் கிளம்புகிறார்கள், படம் அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு நடப்பதைக் காட்டியிருந்தால் நாம் அதைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு வீட்டில் நடந்ததை மறந்திருப்போம். இப்போது அந்த வீடுதான் மண்டைக்குள் நிற்கிறது.

கேள்வி: ஆனால் நடுநடுவே பிற்காலக் காட்சிகள் வந்து குழப்புகின்றனவே?

பதில்: குழப்பவா? எனக்கென்னவோ படத்தின் பிடியே அங்கேதான் இருக்கிறது. ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதனால் "என்ன ஆகும்?" என்ற கேள்வி போய், "இந்த இடத்தில் யாராவது தடுத்திருக்கலாமே" என்று ஒவ்வொரு சண்டையிலும் தோன்றும். மூலம் கோர்டன் கிரஹாம் எழுதிய மேடை நாடகம், திரைக்கதை ஸ்டீபன் சூவெல். நாடகம் என்பதால்தான் பாதிப் படம் நாலு சுவருக்குள் நடக்கிறது, சில இடங்களில் வசனம் மேடைத்தனமாக இருப்பதும் உண்மைதான். இசையைக் கவனித்தீர்களா? 'தி நெக்ஸ்' என்ற சிட்னி மூவர் குழு, பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும்தான். பாட்டு மாதிரியே இருக்காது, ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மாதிரி அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பிரெட்டாக வருபவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே?

பதில்: டேவிட் வென்ஹாம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் ஃபாராமிராக வந்த அதே நல்ல மனிதர்தான்! மேடையிலும் பிரெட் அவர்தான். மிஷெலாக வருவது டோனி கொலெட், அடுத்த ஆண்டு வந்த 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்தின் அம்மா. இருவரும் போடும் சண்டைக்காகவே இன்னொரு தடவை பாருங்கள், ஆனால் ராத்திரி தனியாக வேண்டாம்.