ரிட்டன் பெட்டியில் போன் மாறியிருந்தால் என் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஆன்லைன் நிறுவனத்தின் ஹப்பில் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கிடங்கு), வெண்டர் எனும் ஒப்பந்தக்காரர் மூலமாக இரண்டு வருடமாகப் பார்சல் டெலிவரி செய்கிறேன். பாக்கெட்டுக்கு 14 ரூபாய். போன மாதம் ஒரு வாடிக்கையாளரிடம் ரிட்டன் எடுத்த பெட்டியில் புது போனுக்குப் பதில் பழைய போன் இருந்ததாக, ஆறு நாள் கழித்துச் சொன்னார்கள். என் பெயரில் 18,500 ரூபாய் டெபிட் போட்டு, அந்த மாதச் சம்பளம் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். சேரும்போது கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக் ஒன்று வெண்டரிடம் இருக்கிறது. பணம் கட்டாவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்கிறார். தெரிந்தவர் ஒருவர், 5,000 ரூபாய் கொடுத்தால் லேபர் ஆபீஸில் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க ஆள் பிடிக்கத் தேவையில்லை. நீங்களே எழுதிக் கொடுக்கலாம், தொழிற்சங்கம் மூலமாகவும் கொடுக்கலாம். இந்தப் பேசி முடிக்கிற ஆட்களை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். உங்களிடம் ஒரு தொகை வாங்குவார்கள், வெண்டரிடம் இன்னொரு தொகை வாங்குவார்கள். கடைசியில் டீக்கடை பெஞ்சில் வைத்து ஒரு தாளை நீட்டுவார்கள். 'எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை' என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் கைக்கு வந்தது மூவாயிரமோ நாலாயிரமோதான் இருக்கும். அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்து அழுத பையன்கள் உண்டு. அந்தத் தாளைத் தாண்டி வழக்கை நகர்த்துவது பெரும்பாடு.

இன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. உங்கள் ஐடியை எந்த நேரமும் பிளாக் செய்வார்கள். பிறகு ஆப்பில் எதையும் பார்க்க முடியாது. அதற்குள் அந்த நாளின் ரன்ஷீட் (அன்றைய பார்சல் பட்டியல்), ரிட்டன் எடுத்ததற்கான படங்கள், ஹப்பில் ஒப்படைத்த நேரம், டெபிட் போட்ட செய்தி, இரண்டு வருடச் சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'காலை 7 மணிக்குள் வராவிட்டால் லோடு கிடையாது', 'ஞாயிறு லீவு கேட்காதே' என்று வாட்ஸ்அப் குழுவில் டீம் லீடர் போட்ட செய்திகள் இருக்கும் அல்லவா? அவைதான் உங்களுக்குத் தங்கம். நீங்கள் தொழிலாளி இல்லை, 'டெலிவரி பார்ட்னர்' என்று நாளைக்குச் சொல்லப்போகிறார்கள். பார்ட்னருக்கு யாரும் லீவு மறுக்க மாட்டார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1936-ஆம் ஆண்டின் பழைய சம்பளச் சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த விஷயத்தில் விதி ஒன்றுதான். ஒரு பொருளை உங்களை நம்பி ஒப்படைத்திருக்க வேண்டும். அது போனது நேரடியாக உங்கள் கவனக்குறைவால் இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முழுச் சம்பளத்தையும் நிறுத்தியிருக்கிறார்கள். அதுவே தவறு. பாக்கெட் கணக்கில் தந்தாலும் கூலி கூலிதான்.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது அந்த ஆறு நாள். சாயங்காலம் ஹப்பில் ஒப்படைத்து ஸ்கேன் ஆன நிமிடத்தோடு பெட்டி உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. பிறகு அது வண்டி ஏறி, கிடங்கு மாறி, யார் யாரோ கை பட்டு, நீங்கள் இல்லாத இடத்தில் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒப்படைத்தபோது சீல் சரியாக இருந்ததா, பிரித்தபோது இருந்ததா, பிரித்ததற்கு வீடியோ இருக்கிறதா? இதையெல்லாம் அவர்கள்தான் காட்ட வேண்டும்.

ஆனால் ஓர் இடத்தில் பிடித்தம் செல்லும். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பையன்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். போனை ரிட்டன் எடுக்கும்போது ஆப் ஐஎம்இஐ எண் கேட்கும், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண், 15 இலக்கம். போனை ஆன் செய்து *#06# அடித்தால் திரையில் வரும். அதைத்தான் பதிய வேண்டும். நடப்பது என்ன? மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, பையில் இன்னும் நாற்பது பாக்கெட். வாடிக்கையாளர் கதவைப் பாதி திறந்து, 'காலையில இருந்து சார்ஜ் இல்ல தம்பி, நம்பர் பெட்டிமேலயே ஒட்டியிருக்கு பாருங்க' என்கிறார். நீங்களும் பெட்டி லேபிளைப் பார்த்து எண்ணைப் போட்டு, கவரில் போட்டு ஒட்டிவிட்டு இறங்கிவிடுகிறீர்கள். பெட்டி அசல், உள்ளே இருப்பது வேறு. அன்று நீங்கள் இப்படிச் செய்திருந்தால், எடுத்த படத்தில் போன் திரை கறுப்பாகவே இருக்கும். அதை வைத்தே உங்கள் கவனக்குறைவு என்பார்கள். ஆன் ஆகாத போனை எடுக்கவே கூடாது, ரிட்டனை நிராகரித்துவிட்டு வந்துவிட வேண்டும். 'நிராகரித்தால் என் சதவீதம் குறையும், டீம் லீடர் கத்துவார்' என்று எல்லோரும் சொல்கிறீர்கள். தெரியும். கத்தட்டும். ஒருவேளை அப்படித்தான் நடந்தது என்றாலும், விளக்கம் கேட்காமல் பிடித்ததும் பாதிக்கு மேல் பிடித்ததும் செல்லாது. உங்கள் கடிதத்தில் பொய் மட்டும் எழுதாதீர்கள். திரையில் எண் பார்த்தேன் என்று எழுதிவிட்டு, அவர்கள் கறுப்புத் திரைப் படத்தைக் காட்டினால் மொத்த வழக்கும் போய்விடும்.

செக் விஷயத்தில் பலரும் செய்யும் தவறு, 'இந்தச் செக்குக்குப் பணம் தராதே' என்று பேங்க்கில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது. ஸ்டாப் பேமென்ட்டால் திரும்பினாலும், கணக்கை மூடியதால் திரும்பினாலும் செக் மோசடி வழக்குப் போட முடியும். அதனால் முந்திக்கொள்ளுங்கள். 'வேலையில் சேரும்போது பாதுகாப்புக்காக, தொகையும் தேதியும் எழுதாமல் வாங்கிய இந்த எண்ணுள்ள செக்கைத் திருப்பித் தாருங்கள், நான் உங்களுக்கு எந்தக் கடனும் தர வேண்டியதில்லை' என்று வெண்டருக்கும் நிறுவனத்துக்கும் கடிதம் அனுப்புங்கள். அதிலேயே சம்பளத்தையும் கேளுங்கள், ஹப் கேமரா பதிவை அழிக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் கேட்டு, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு அவர் செக்கைப் போட்டு, அது திரும்பி, உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போய்விட வேண்டும். நோட்டீஸை வாங்காமல் தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள், தயவு செய்து.

போலீஸ் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். சம்பளத் தகராறில் பணம் வசூலித்துத் தருவது ஸ்டேஷன் வேலை இல்லை. கூப்பிட்டால் போங்கள், உங்களிடம் உள்ள படங்களைக் காட்டுங்கள், 'பணம் கட்டுகிறேன்' என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். 'மாதம் 2,000 பிடித்துக்கொள்ளலாம்' என்று வெண்டர் நீட்டும் தாளும் அதே ரகம்தான்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வெண்டர், நிறுவனம் இருவர் பெயரையும் போடுங்கள். வெண்டர் நிறுவனத்தைக் காட்டுவார், நிறுவனம் வெண்டரைக் காட்டும். வெண்டர் தராத சம்பளத்துக்கு நிறுவனமும் பொறுப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. கேட்க மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு, சம்பளத்தோடு நஷ்டஈடும் கேட்கலாம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் புதுச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி இல்லாத மனிதனை, இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடக்கவிட்டு, எதிர்த்தரப்பு வரவில்லை என்று வாய்தா மேல் வாய்தா கொடுக்கிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். வக்கீல் தேவைப்பட்டால் 15100-க்கு போன் செய்யுங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர் (உங்களைப் போல ஆப் மூலம் வேலை செய்பவர்கள்) நல வாரியம் வந்திருக்கிறது. அதில் பதிந்துகொள்ளுங்கள், நல்லது. ஆனால் இந்தச் சம்பளத்தை வாரியம் வாங்கித் தராது, அங்கே போய் நாளை வீணாக்க வேண்டாம்.

இதற்கிடையில் வேறு ஹப்பில் சேரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யோசித்திருப்பீர்கள். தாராளமாகச் சேருங்கள். வேலையை விட்டுவிட்டால் சம்பளம் கேட்கும் உரிமை போய்விடாது. விட்ட இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டியது அவர்கள் கடமை. புது இடத்தில் செக் கேட்டால் மட்டும், கொடுக்காதீர்கள் தம்பி.